வெள்ளை ஹெல்மெட்டும் கன்னியப்பன் முகமும்

மண்ணூர்பேட்டையில் நாகவல்லியும் அவள் புருஷன் பாஸ்கரனும் நடத்திவந்த ஸ்டூடியோவுக்குக் கல்யாண வீட்டுக்காரர்கள் யாரும் வந்ததில்லை. பாஸ்போர்ட் போட்டோவுக்கு என்று தவறிப்போய் வந்தவர்களையும் பாஸ்கரன் மெயின் ரோட்டுக்கு வழி சொல்லி அனுப்பிவிடுவான். அங்கே படம் பிடிக்கப்பட்டதெல்லாம் பம்பு, வால்வு, பேரிங், கையுறை, பூட்ஸ். அம்பத்தூர் எஸ்டேட்டில் செய்கிற சாமான்களைக் கேட்டலாக்குக்காகப் படமெடுத்துக் கொடுப்பதுதான் அவர்கள் பிழைப்பு. கேமராவைத் தொடுவது நாகவல்லி. ஆர்டர் பிடிப்பது, லைட் தூக்குவது, பில் போடுவதெல்லாம் பாஸ்கரன்.

இரண்டு பேரும் ஒரு அச்சகத்தில் வேலை பார்த்தபோது பழகியவர்கள். பாஸ்கரன் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். அப்பா சேலத்துப் பக்கமிருந்து டாங்கி ஃபாக்டரி வேலைக்கு வந்தவர். நாகவல்லி கோவில்பதாகை. அவள் அப்பா கடைசிவரை அடுத்தவர் கழனியில்தான் வேலை செய்தார். அண்ணன் கன்னியப்பன் எஸ்டேட்டில் இரும்பைக் காய்ச்சி அடிக்கிற ஒரு ஃபோர்ஜிங் கம்பெனியில் சேர்ந்த பிறகுதான் வீட்டுக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று வந்தது. தங்கச்சியைப் பிரிண்டிங் டிப்ளமாவில் சேர்த்துவிட்டவன் அவன்தான்.

அந்தக் கன்னியப்பன்தான் ஸ்டூடியோவின் மாடல். பாதுகாப்புச் சாமான் செய்கிற கஜபதி என்பவர் அவர்களுடைய பெரிய வாடிக்கையாளர். ஹெல்மெட், கண்ணாடி, கையுறை, ஏப்ரன் எல்லாம் அவர் கம்பெனியில் தயாராகும். அவற்றைப் போட்டுக்காட்ட ஒரு ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமையானால் கன்னியப்பன் சவரம் செய்துகொண்டு, துவைத்த சட்டையோடு பஸ் ஏறி வந்துவிடுவான். ஃபோர்ஜிங்கில் அவனோடு வேலை செய்கிறவர்கள் "இன்னா ஹீரோ, எந்த டாக்கீஸ்ல உன் படம் ஓடுது" என்று கேலி செய்வார்கள். அவனும் சளைக்காமல், "எஸ்டேட்டு பூராவும் ஓடிகினு கீது, போய்ப் பாரு" என்பான். கேட்டலாக் அச்சாகி வந்ததும் அதில் ஒரு காப்பியை வாங்கிக்கொண்டு போய்ப் பெண்டாட்டி அங்கம்மாவிடம் கொடுப்பான். அங்கம்மா அதை டிவி மேல் நிறுத்தி வைப்பாள்.

தொண்ணூற்றெட்டில் கஜபதி ஒரு நாள் வந்து உட்கார்ந்து, அடுத்த கேட்டலாக் சிங்கப்பூர்காரர்களுக்குப் போகிறது என்றார். படங்களெல்லாம் சி.டி.யில் வேண்டும். ஃபிலிம் எடுத்து, பஸ்ஸில் மவுன்ட் ரோடு லேபுக்குக் கொண்டுபோய்க் கழுவி, அதை ஸ்கேன் செய்து, கலர் சரியில்லை என்று மறுபடியும் எடுக்கிற கதையெல்லாம் இனிமேல் ஆகாது. கிண்டியில் ஒரு ஸ்டூடியோ டிஜிட்டலுக்கு மாறிவிட்டது.

"நீங்க மாறலைனா நான் மாற வேண்டியிருக்கும் பாஸ்கர்," என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

கேமராவை மாற்ற வேண்டியதில்லை. அவர்களிடம் இருந்தது மீடியம் ஃபார்மட் கேமரா. ஃபிலிம் ரோலைப் போடுகிற பெட்டி அதன் பின்பக்கம் தனியாகக் கழன்று வரும். அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு எலெக்ட்ரானிக் பெட்டியை மாட்டினால் எடுத்த படம் வயர் வழியாக நேராகக் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். டிஜிட்டல் பேக் என்று அதற்குப் பெயர். எந்த பேக்கை வாங்குவது என்பதுதான் கேள்வி. வாழ்நாளில் ஒரு தடவைக்கு மேல் வாங்கக்கூடிய சாமான் இல்லை அது.

மவுன்ட் ரோடு டீலர் ஒருவரின் ஆளாகத் தசரதன் வந்தான். முப்பது வயசுக்காரன், டை கட்டியிருந்தான். அலுமினியப் பெட்டிகளை வேனிலிருந்து இறக்கி, ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் வயரை மாட்டினான். மூன்று வகை பேக் கொண்டுவந்திருந்தான். ஒன்று ஜெராக்ஸ் மெஷின் மாதிரி படத்தைக் கோடு கோடாகப் படித்துக்கொண்டு வரும். ஒரு படத்துக்குப் பல நிமிஷம் பிடிக்கும். இன்னொன்று சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று தடவை எடுத்து ஒன்றாகச் சேர்க்கும். இரண்டுக்கும் எதிரே இருக்கிற பொருள் துளிகூட அசையக் கூடாது. மூன்றாவது வகை ஒரே கிளிக்கில் எடுத்துவிடும்.

முதல் இரண்டையும் ஒதுக்க அதிக நேரம் ஆகவில்லை. ஸ்டூடியோவுக்கு ஒட்டினாற்போல் பக்கத்து ஷெட்டில் தகடு வெட்டுகிற ஒரு பவர் பிரஸ் இருந்தது. அது ஒவ்வொரு தடவை விழும்போதும் மேஜைமேல் டம்ளர் தண்ணீர் நடுங்கும். கோடு கோடாகப் படிக்கிற பேக்கில் பம்பு செட் தண்ணீருக்கடியில் கிடப்பது போல நெளிந்து வந்தது. மூன்று தடவை எடுக்கிறதில் வால்வுக்கு ஒரு பக்கம் சிவப்பு ஓரம், மறுபக்கம் நீல ஓரம்.

"கொஞ்ச நேரம் பிரஸ்ஸை நிறுத்தச் சொல்ல முடியுமா சார்?" என்று கேட்டான் தசரதன்.

"அவங்ககிட்ட போய்க் கேட்டா எங்களை நிறுத்தச் சொல்லுவாங்க," என்றான் பாஸ்கரன்.

ஆக ஒரே கிளிக் பேக்தான். ஒரு படத்துக்கு அறுபது லட்சம் புள்ளி என்று தசரதன் சொன்னதும் பாஸ்கரனுக்குக் கண் விரிந்தது. கிண்டிக்காரர்களிடம்கூட அத்தனை புள்ளி கிடையாதாம். அன்றைக்கு எடுத்த வால்வு படம் அவ்வளவு கூர்மை. திருகு மரையில் ஒவ்வொரு சுற்றும் எண்ணிப் பார்க்கலாம் போல இருந்தது. நாகவல்லிக்கும் பிடித்துத்தான் இருந்தது. அவளும் ஒரு குறையும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆளை வைத்து ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தசரதன் பேக்கோடு மறுபடி வந்தான். கன்னியப்பனும் வந்து வெள்ளை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். எப்போதும் போல ஒரு பெரிய லைட், மறுபக்கம் வெளிச்சத்தைத் திருப்பியடிக்க ஒரு தெர்மாகோல் ஷீட். கிளிக் செய்துவிட்டு எல்லாரும் மானிட்டரைப் பார்த்தார்கள்.

ஹெல்மெட் பளிச்சென்று வந்திருந்தது. அதற்குக் கீழே, முகம் இருக்க வேண்டிய இடத்தில் தார் கொட்டினாற்போல ஒரு கறை. தசரதன் அதைப் பெரிதாக்கினான். கறைக்குள் பச்சையும் சிவப்புமாகப் புள்ளிகள் மொய்த்தன. கண் எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

"இன்னாம்மா, நான் ஆடிட்டனா?" என்று கேட்டான் கன்னியப்பன்.

"நீ ஆடல அண்ணே. கம்னு உக்காரு," என்றாள் நாகவல்லி.

லைட்டைக் கூட்டினாள். முகத்தில் மூக்கு தெரிய ஆரம்பித்தபோது ஹெல்மெட் பின்னாலிருந்த வெள்ளைச் சுவரோடு கரைந்துபோயிற்று. குறைத்தாள், ஹெல்மெட் வந்தது, அண்ணன் போய்விட்டான். இதே ஹெல்மெட், இதே முகம். ஃபிலிமில் எத்தனை தடவை எடுத்திருக்கிறாள். ஒரு தடவைகூட இரண்டில் எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள் என்று ஃபிலிம் அவளைக் கேட்டதில்லை.

"ரெண்டையும் ஒண்ணா பிடிக்காது மேடம்," என்றான் தசரதன். "சப்ஜெக்ட்ல பிராப்ளம். கொஞ்சம் கலரா யாராவது இருந்தா உக்கார வைங்களேன்."

பாஸ்கரன் சிரித்துக்கொண்டே கன்னியப்பனின் தலையிலிருந்து ஹெல்மெட்டை வாங்கித் தான் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அவன் கோதுமை நிறம். படம் சுத்தமாக வந்தது. தசரதன் முகத்தில் உயிர் வந்துவிட்டது.

"பாத்தீங்களா சார், பேக்ல ஒரு குறையும் கிடையாது."

வெளிச்சம் போதாமல் இருக்கலாம், இன்னொரு தெர்மாகோல் ஷீட் வைத்துப் பார்ப்போம் என்று நாகவல்லி மாடிக்குப் போனாள். அங்கே பழைய அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உடையாத ஷீட்டாகத் தேடி எடுத்துக்கொண்டு இறங்கி வந்தபோது, கன்னியப்பன் மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அவன் முகம் முழுக்கப் பவுடர். நெற்றி, கன்னம், தாடை, காது மடல் வரைக்கும். கழுத்து மட்டும் அவன் நிறத்தில் இருந்தது. பவுடர் டப்பாவும் பஞ்சும் பாஸ்கரன் கையில் இருந்தன.

"சும்மா ஒரு டெஸ்ட்டுக்கு, நாகா," என்றான் பாஸ்கரன்.

"பாருங்க மேடம், இப்ப டீட்டெயில் வருது," என்றான் தசரதன்.

மானிட்டரில் வந்திருந்தது அவள் அண்ணன் இல்லை. சாம்பலில் புரண்டெழுந்த யாரோ ஒருவன். கன்னியப்பன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். சிரிக்கிறானா என்று பார்த்தாள். சிரிக்கத்தான் முயற்சி செய்துகொண்டிருந்தான்.

"வுடு நாகு. நம்ம வேலை முடியணும்ல," என்றான்.

ஃபோர்ஜிங்கில் சூப்பர்வைசர் ஒரு வார்த்தை தடித்துச் சொன்னால் மறு வார்த்தையில் நிறுத்திவிடுகிற ஆள். தங்கச்சி வேலை கெட்டுவிடக் கூடாது என்று பொம்மை மாதிரி முகத்தைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவள் ஷீட்டைச் சுவரில் சாய்த்து வைத்தாள். குழாயடிக்குப் போய் டவலை நனைத்துப் பிழிந்துகொண்டு வந்தாள். அண்ணன் எதிரே நின்று, சின்னப் பிள்ளைக்குத் துடைப்பது போல அவன் முகத்தைத் துடைத்தாள். காது மடலுக்குப் பின்னாலிருந்ததையும் துடைத்து முடித்துவிட்டு, டவலைப் பாஸ்கரன் கையில் கொடுத்தாள்.

பிறகு தசரதன் பக்கம் திரும்பினாள்.

"உங்க சாம்பிள் படங்களையெல்லாம் காட்டுங்க."

அவன் ஒவ்வொன்றாகக் காட்டினான். பழக்கூடை. வாசனைத் தைலப் பாட்டில். தொப்பி போட்ட வெள்ளைக்காரி. அதே வெள்ளைக்காரி தொப்பி இல்லாமல். பனியில் விளையாடுகிற குழந்தை.

"நம்ம ஆளுங்க ஒருத்தரைக்கூட எடுத்துப் பாக்கலியா?"

"வெளிநாட்டுல டெஸ்ட் பண்ணி வர்றது மேடம். ஃபாக்டரி செட்டிங்."

"நீங்க போய் உக்காருங்க."

தசரதனுக்குப் புரியவில்லை. புரிந்தபோது டையைச் சரிசெய்துகொண்டு, "நான் எதுக்கு மேடம்," என்றான். அவனும் கன்னியப்பன் நிறம்தான். ஒரு மாற்றுக் குறைவாக இருந்தால் அதிகம். அதுவரை அந்த அறையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை, அவன் உட்பட.

"ஊர் ஊரா இதை வித்துக்கிட்டுப் போறீங்க. உங்க மூஞ்சிய இது எப்படிக் காட்டுதுன்னு நீங்களும் பாக்கணும் இல்ல. உக்காருங்க."

கன்னியப்பன் எழுந்து இடம்விட்டான். தசரதன் உட்கார்ந்தான். ஹெல்மெட் போட்டுக்கொண்டான். நாகவல்லி கிளிக் செய்தாள். மானிட்டரில் ஒரு வெள்ளை ஹெல்மெட், ஒரு வெள்ளைச் சட்டைக் காலர், நடுவில் ஒரு கறை. டை மட்டும் நன்றாக விழுந்திருந்தது.

தசரதன் எழுந்து வந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பெரிதாக்கிப் பார்க்கவில்லை. அப்புறம் வயர்களைச் சுருட்ட ஆரம்பித்தான். வேனில் பெட்டிகளை ஏற்றிவிட்டுக் கிளம்பும்போது அவளிடம் வந்து, "கம்பெனிக்கு போன் பண்ணி இதையெல்லாம் சொல்லிடாதீங்க மேடம்," என்றான். அவளுக்கு அவன்மேல் இருந்த கோபம் அதோடு போய்விட்டது. அந்தக் கோபம் வேறு எங்கெங்கோ போய்ச் சேர்ந்துகொண்டது.

இரண்டு நாள் கழித்துக் கஜபதி வந்தார். பாஸ்கரன் இரண்டு படங்களையும் அவருக்குக் காட்டினான். பாஸ்கரன் ஹெல்மெட் போட்ட படம், கன்னியப்பன் ஹெல்மெட் போட்ட படம். அவன் காட்டுவான் என்று நாகவல்லிக்குத் தெரியாது; தெரிந்திருந்தால் அண்ணன் படத்தை அழித்திருப்பாள்.

"இதுல என்னம்மா யோசனை," என்றார் கஜபதி. "பாஸ்கரே உக்காரட்டும். இல்லாட்டி பாம்பேலருந்து ஒரு பையனை வரவழைப்போம். சிங்கப்பூர்காரன் பாக்கறது. உங்க அண்ணனைத் தப்பா சொல்லலை. ஆனா படத்துல அழுக்கா தெரியுது."

"அழுக்கா தெரியறது அவரு இல்ல சார். அந்த பேக்."

"எதுவா இருந்தா என்ன. நான் விக்கறது ஹெல்மெட்டு. மூஞ்சி இல்லை."

"உங்க ஹெல்மெட்டைப் போட்டுக்கிட்டு நெருப்புக்கு முன்னாடி நிக்கறவங்க எல்லாம் எங்க அண்ணன் மாதிரிதான் சார் இருப்பாங்க. பாம்பே பையன் வந்து நிக்க மாட்டான்."

"அவங்களா வாங்கறாங்க? அவங்க முதலாளி வாங்கறான்," என்றார் கஜபதி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. விவரம் தெரியாத பெண்ணுக்கு விளக்குகிறவர் போலப் பொறுமையாகச் சொன்னார். அந்தப் பொறுமைதான் அவளுக்குத் தாங்கவில்லை. பாஸ்கரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயந்தரம் சாப்பாடு எடுத்து வைக்கும்போது அவளே பேச்சை எடுத்தாள்.

"அந்த ஆளு சொல்லும்போது உங்க வாயில இன்னா இருந்துச்சு?"

"அவர் நம்ம பார்ட்டி, நாகா."

"அழுக்குன்னு அந்த ஆளு சொன்னது என் அண்ணனை."

பாஸ்கரன் கெட்டவன் இல்லை. அவளைக் கட்டிக்கொள்வதற்காகத் தன் வீட்டில் நிறைய பேச்சு வாங்கியவன். அதில் நிறத்தைப் பற்றிய பேச்சும் உண்டு. அவளிடம் அவன் சொன்னதில்லை, அவளுக்குத் தெரியும். அதனால்தான் அவன் பவுடர் டப்பாவோடு நின்றதை அவளால் மறக்க முடியவில்லை. அவன் பக்கத்து நியாயத்தை அவன் சொன்னான். வருஷத்தில் முக்கால்வாசிப் படம் இரும்புச் சாமான்தானே. இரும்புக்கு அறுபது லட்சம் புள்ளிக்கு மேல் என்ன வேண்டும். ஆள் படம் எப்போதோ வருகிறது. அதற்கு ஃபிலிம் இருக்கவே இருக்கிறது. இவ்வளவு பெரிய சாமானைக் கோபத்தில் ஒதுக்குவதா.

"கோவத்துல இல்ல," என்றாள். "ஒரு தடவைதான் வாங்கப் போறோம். வாங்கிட்டா அது எதைக் காட்டுதோ அதைத்தான் நாம எடுப்போம். அதுக்கு இரும்பு நல்லா தெரியும், வேலை செய்யறவன் தெரிய மாட்டான்னா, கொஞ்ச நாள்ல நாமளே ஆளைக் கூப்புடறத நிறுத்திடுவோம். இல்லன்னா பவுடர் போடுவோம். பவுடர் டப்பாவ எடுத்தது யாரு, அந்த தசரதனா?"

பாஸ்கரன் சாப்பிடாமல் எழுந்துபோய்க் கை கழுவினான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கையுறைப் படம் எடுக்க வேண்டியிருந்தது. கன்னியப்பன் வரவில்லை. ஓவர்டைம் என்று போன் வந்தது. நாகவல்லி அன்றைக்கே பஸ் ஏறிக் கோவில்பதாகைக்குப் போனாள். அண்ணன் வீட்டில் இல்லை. அங்கம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஓவர்டைமா அண்ணி?"

"ஓவர்டைமும் இல்ல, ஒண்ணியும் இல்ல. ஏரிக்கரையாண்ட போய்க் குந்திகினு கீது," என்றாள் அங்கம்மா. கொஞ்ச நேரம் மடித்த துணியையே மறுபடி மடித்தாள். "அன்னிக்கு உங்க ஊட்லருந்து வந்து கண்ணாடி முன்னாடி நின்னுச்சு. நான் அவ்ளோ கருப்பாவா கீறேன்னு என்னாண்ட கேட்டுச்சு. பதினஞ்சு வருசமா ஒரு நாளும் கேட்டதில்ல. இன்னா நாகு நடந்துச்சு அங்க?"

நாகவல்லி டிவி மேல் நிறுத்தியிருந்த போன வருஷத்துக் கேட்டலாக்கை எடுத்துப் பார்த்தாள். ஹெல்மெட் வெள்ளையாக இருந்தது. அதன் விளிம்புக்குக் கீழே அண்ணன் நெற்றியில் வேர்வை மின்னியது; மீசையில் ஒவ்வொரு முடியும் தெரிந்தது. இது அச்சில் வந்த படம், நாலு வண்ண மையில், சாதாரணக் காகிதத்தில். ஒரு காகிதத்தால் முடிந்ததை அவ்வளவு பெரிய மெஷின் முடியாது என்கிறது; முடியாததற்குக் காரணம் இவன் மூஞ்சி என்று அதை விற்கிறவன் சொல்கிறான், வாங்கச் சொல்கிறவர் சொல்கிறார், கட்டின புருஷனும் தலையாட்டுகிறான். கேட்டலாக்கை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆவடி தாண்டுகிறவரைக்கும் அழுதாள். அது துக்கத்தில் வந்த அழுகை இல்லை.

அந்த வாரமே தசரதன் போன் செய்தான். பொது போனிலிருந்து பேசினான்; பின்னால் பஸ் சத்தம் கேட்டது.

"மேடம், பெங்களூர்ல ஒரு கம்பெனி வேற பேக் கொண்டு வந்திருக்காங்க. நாப்பது லட்சம் புள்ளிதான். ஆனா ஒவ்வொரு புள்ளியும் பெருசு. வெளிச்சம் கம்மியா இருக்கிற இடத்துல நல்லா வாங்கும். கஸ்தூரின்னு ஒருத்தங்க டெமோ பண்றாங்க. நம்பர் சொல்றேன், எழுதிக்குங்க."

"உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாதே?"

"நான் சொன்னதா சொல்லாதீங்க," என்று வைத்துவிட்டான்.

கஸ்தூரி வந்த நாள் புதன்கிழமை. பக்கத்தில் பவர் பிரஸ் இடித்துக்கொண்டிருந்தது. அவள் கொண்டுவந்த பேக் பார்க்க அழகாக இல்லை. பெரிய செங்கல் மாதிரி கேமராவுக்குப் பின்னால் துருத்திக்கொண்டு நின்றது. சூடு தணிக்க உள்ளே ஒரு ஃபேன் உறுமியது. நாகவல்லி, ஆள் வந்தபிறகுதான் படம் என்றாள். வால்வு, பம்பு எதுவும் முதலில் வேண்டாம்.

ஆள் வருவானா என்று அவளுக்கே நிச்சயமில்லை. பாஸ்கரன் காலையிலேயே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எங்கோ போயிருந்தான். மதியம் திரும்பி வந்தபோது பின்னால் கன்னியப்பன் உட்கார்ந்திருந்தான். கம்பெனி வாசலில் காத்திருந்து, அரை நாள் லீவு போடச் சொல்லிக் கூட்டிவந்திருக்கிறான். வழியில் என்ன பேசினார்கள் என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. கன்னியப்பன் வேலை உடுப்பிலேயே இருந்தான், முகம்கூடக் கழுவியிருக்கவில்லை.

"முகம் கழுவிக்கறியா அண்ணே?"

"வேணா. கீற மேனிக்கு எடு."

எடுத்தாள். ஹெல்மெட் வெள்ளையாகவே வந்தது. அதன் கீழே நெற்றி, புருவம், அடுப்பு வெக்கையில் சிவந்த கண், கன்னத்தில் எப்போதோ தெறித்த கங்கு விட்ட தழும்பு. கஸ்தூரி பெரிதாக்கிக்கொண்டே போனாள். கறுப்பு கறுப்பாகவே இருந்தது. அதற்குள் பச்சைப் புள்ளி, சிவப்புப் புள்ளி எதுவும் மொய்க்கவில்லை. கன்னியப்பன் எழுந்து வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே மானிட்டருக்கு எதிரே குனிந்து பார்த்தான்.

"தோ, நான்தான்," என்றான்.

பாஸ்கரன் அவன் தோளில் கை வைத்தான். "மச்சான், அன்னிக்கு..." என்று ஆரம்பித்தான். கன்னியப்பன், "சரி சரி மாப்ள, டீ சொல்லு," என்றான்.

அந்த பேக்கிலும் குறை இல்லாமல் இல்லை. வலைத் துணியில் தைத்த ஜாக்கெட்டை எடுத்தபோது துணி முழுக்க வானவில் மாதிரி கோடு கோடாக வந்தது. மரையின் சுற்றுகள் அந்த இன்னொரு பேக் அளவுக்குக் கூர்மையாக இல்லை. சுவரளவு போஸ்டர் அடித்தால் உடைந்துவிடும் என்று கஸ்தூரியே ஒளிக்காமல் சொன்னாள். கேட்டலாக் பக்கத்துக்குப் போதும். பாஸ்கரன் அன்று முழுக்கக் கணக்குப் பார்த்தான், பெருமூச்சு விட்டான், கடைசியில் அதையே வாங்கிவிடலாம் என்றான்.

வாங்கினார்கள். கஜபதி கேள்விப்பட்டு, "கம்மி புள்ளியைப் போய் வாங்கியிருக்கீங்களே," என்று வருத்தப்பட்டார். சிங்கப்பூர் கேட்டலாக்கைக் கிண்டிக்குக் கொடுத்துவிட்டார். பாம்பே பையன் ஒருவன் அவருடைய ஹெல்மெட்டில் பளபளவென்று சிரித்துக்கொண்டு நின்றான். அந்த வருஷம் ஸ்டூடியோவுக்குக் கஷ்டமான வருஷம். பம்புக்காரர்கள் இருந்ததால் ஓடியது.

அடுத்த வருஷம் கஜபதி மறுபடியும் வந்தார். இங்கேயே விற்கிற சாமானுக்குத் தமிழில் ஒரு கேட்டலாக். ஹெல்மெட், கையுறை, பூட்ஸ் எல்லாமே. ஆள் யார் வேண்டுமானாலும் இருக்கட்டும், உங்கள் அண்ணனே இருக்கட்டும் என்று தாராளமாகச் சொன்னார். டெஸ்ட் படம் எடுத்துக் காட்டினார்கள். அவருக்குப் பிடித்திருந்தது. கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இப்பதான் எல்லாம் கம்ப்யூட்டர்ல வந்துடுச்சே. முகத்தை மட்டும் ஒரு ரெண்டு பாயின்ட் ஏத்தி விட்டுடுங்க. கொஞ்சம் பிரைட்டா இருக்கட்டும்."

பவுடர் டப்பாவை ஒழித்துக்கட்டியாகிவிட்டது என்று நாகவல்லி நினைத்திருந்தாள்; அது மெஷினுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. அவள் பதில் சொல்வதற்குள் பாஸ்கரன் சொன்னான்.

"அது முடியாது சார்."

"ஏன், இந்த மெஷின்ல வராதா?"

"மெஷின்ல வரும். நாங்க பண்றதில்ல."

கஜபதி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரித்தார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி எழுந்துபோனார். யோசித்து, கையுறையையும் பூட்ஸையும் மட்டும் அவர்களுக்குக் கொடுத்தார். ஹெல்மெட் கிண்டிக்குப் போயிற்று. அவருடைய கேட்டலாக்கில் கன்னியப்பனின் கைகளும் கால்களும் வந்தன, முகம் வரவில்லை. அந்தக் கேட்டலாக்கை நாகவல்லி அண்ணனிடம் கொடுக்கவில்லை. கன்னியப்பனே எங்கிருந்தோ ஒன்றைப் பார்த்துவிட்டு, "கை என்னுதுதான, கீழ பேரு போட்டுருக்கலாம்ல," என்று சொல்லிச் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த தடவை கஜபதியின் ஆள் கையுறை மூட்டையோடு வந்தபோது, ஹெல்மெட்டும் சேர்த்து வந்தால்தான் எடுப்போம் என்று சொல்லி மூட்டையை ஆட்டோவிலேயே திருப்பி ஏற்றச் சொன்னாள். பாஸ்கரன் ஒரு பக்கம் பிடித்து ஏற்றிவிட்டான்.